மூன்றாம் இடத்தில் இரண்டு பேர்

ஜூடோவில் மூன்றாம் இடம் இரண்டு பேருக்கு. தங்கம் ஒன்று, வெள்ளி ஒன்று, வெண்கலம் மட்டும் இரண்டு. இதை நான் எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன் என்பதற்குக் கணக்கே கிடையாது. வங்கியில் விளக்கியிருக்கிறேன், பேருந்தில் விளக்கியிருக்கிறேன், ஆழ்வார்பேட்டையில் பல் பிடுங்கப் போன இடத்தில் வாயைப் பிளந்தபடியே விளக்கியிருக்கிறேன். கேட்கிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் முகத்தை வைத்துக்கொள்வார்கள். ஏதோ இன்னொருத்தியின் பதக்கத்தில் பாதியைக் கடித்துக்கொண்டு நான் ஓடிவந்துவிட்ட மாதிரி. முன்பெல்லாம் எனக்குக் கோபம் வரும். இப்போதும் வருகிறது, ஆனால் சிரித்துக்கொண்டே கோபப்படப் பழகிவிட்டேன்.

வெண்கலம் ஏன் இரண்டு என்பதை எந்த விளக்கமும் இல்லாமல் புரிந்துகொண்ட ஒரே ஆள் என் அம்மா. அந்த வெண்கலத்தை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று நின்ற ஒரே ஆளும் அவள்தான்.

அம்மா கொட்டிவாக்கம் குப்பத்துக் கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவள். படகு கரையேறியதும் வலையை உதறி மீனைக் கூடையில் கொட்டுவார்கள். கூடையை மணலில் வைத்து அம்மா விலை கூவ ஆரம்பிப்பாள். சுற்றி நிற்கிற பெண்கள் ஏற்றிக்கொண்டே போவார்கள். சிலர் வாயைத் திறந்து கேட்பார்கள், சிலர் புருவத்தை மட்டும் தூக்குவார்கள். யார் தூக்கிய புருவம் எந்த விலைக்கு என்று அம்மாவுக்குத் தெரியும். விலை படிந்துவிட்டது என்று அவள் சொல்லிவிட்டால் அதோடு சரி. காது கேட்கவில்லை, நான் அதற்கு மேலே கேட்டேன், காற்றடித்தது என்று யார் வந்தாலும் அவளிடம் ஒரே பதில்தான். "மறுபேச்சு இன்னா மறுபேச்சு? படிஞ்சது படிஞ்சதுதான்." படகுக்காரர்கள் மற்ற ஏலக்காரர்களை விட்டுவிட்டு அவளிடம் வருவதே இதற்காகத்தான். அம்மாவின் வாயிலிருந்து வெளியே வந்த சொல் திரும்ப உள்ளே போகாது.

சில சமயம் இரண்டு பேர் ஒரே விலையில் வந்து நின்றுகொண்டு, மேலேயும் ஏற மாட்டேன், விட்டும் போக மாட்டேன் என்று முறைத்துக்கொண்டிருப்பார்கள். அப்போது அம்மா கூடையைக் கவிழ்த்து மீனை இரண்டு கூறாகப் பிரித்துவிடுவாள். ஆளுக்கொரு கூறு, பேச்சு முடிந்தது. அதனால்தான் வெண்கலம் இரண்டு என்று நான் முதன்முதலில் சொன்னபோது அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "கூறு போட்டுக் குடுக்கறாங்க. அதுக்கு இன்னா இப்போ?" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் ஜூடோ கற்றுக்கொண்டது அடையாறில். பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியை ஒரு நாள் எங்களில் நாலைந்து பேரைப் பயிற்சிக்கூடத்துக்கு அழைத்துப் போனார். மற்றவர்கள் ஒரு வாரத்தில் நின்றுவிட்டார்கள், நான் நிற்கவில்லை. திருவான்மியூர் வரை நடந்து போய் அங்கிருந்து பஸ் பிடிப்பேன். இன்னொருத்தியின் சட்டையைப் பிடித்து இழுத்து அவளைக் கீழே தள்ளுவதற்கு எனக்கு அனுமதி இருக்கிறது என்பதே முதலில் பெரிய சந்தோஷமாக இருந்தது. அம்மாவுக்கு அதில் ஒரு மரியாதையும் கிடையாது. "சட்டய புடிச்சி சண்ட போடறதுக்கா பஸ் ஏறிப் போற? நம்ம கொழாயடியில சும்மாவே கத்துக்குடுப்பாங்களே" என்பாள். போட்டிக்கு முன்னால் ஐம்பத்தேழு கிலோவுக்குள் வருவதற்காக நான் சோற்றைத் தள்ளிவைக்கும்போது மட்டும் அவளுக்கு நிஜமாகவே கோபம் வரும். "மீனுக்கே நான் தராசு வெக்கறதில்ல. எம் பொண்ண தராசுல ஏத்தி பாக்கறானுங்களே" என்று யாரையோ திட்டுவாள்.

ஆனாலும் என்னைத் தடுத்ததில்லை. பிரச்சினை வேறு இடத்திலிருந்து வந்தது.

ஏலம் விடுகிறவளுக்குப் பக்கத்தில் ஒருத்தி நிற்க வேண்டும். கூடையை நகர்த்துவது, வாங்கியவர் யார் என்று நினைவில் வைத்துக்கொள்வது, தண்ணீர் கொடுப்பது என்று பார்வைக்கு எடுபிடி வேலைதான். ஆனால் வருடக்கணக்கில் அப்படிப் பக்கத்தில் நிற்கிறவளைத்தான் படகுக்காரர்கள் அடுத்த ஏலக்காரியாக ஏற்றுக்கொள்வார்கள். அம்மா அவளுடைய அத்தைக்குப் பக்கத்தில் நின்று வந்தவள். அம்மாவுக்குப் பக்கத்தில் மட்டும் யாரும் இல்லை. எங்கள் தெருமுனையில் இருக்கும் அத்தை ஒருத்தி, தன் மருமகளை அந்த இடத்தில் நிறுத்தப் பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை நாங்கள் முனை வீட்டு அத்தை என்போம். "உம் பொண்ணு உருண்டு பொரள்றதுக்கு போயிட்டா. எம் மருமவ சும்மாதான கீறா?" என்பாள். அம்மா ஒவ்வொரு தடவையும் "எம் பொண்ணு வருவா" என்று சொல்லி அனுப்பிவிடுவாள்.

அந்த வருடம் ஆசிய அளவிலான ஒரு போட்டிக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். போட்டிக்குக் கிளம்புகிற அன்று நான் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து பேச்சை ஆரம்பித்தாள்.

"இந்த ஒரு தபா போயிட்டு வா. மெடலு வாங்கினியா, உன் இஷ்டம். எத்தினி வருசம் வேணா ஆடு, நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன். தோத்தியா, வந்து எம் பக்கத்துல நில்லு. சரியா?"

"சரி" என்றேன்.

யோசிக்கக்கூட இல்லை. அப்போது நான் நல்ல உடம்பில் இருந்தேன், பயிற்சியில் யாரும் என்னை அவ்வளவு சுலபத்தில் தூக்கிவிட முடியாது, எனக்கு அது நன்றாகத் தெரியும். பதக்கம் வாங்கினால் ஆட்டம், தோற்றால் ஏலம். இரண்டில் ஒன்றுதான் நடக்கும் என்று அம்மா நினைத்தாள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஜூடோவில் ஒரே நாளில் இரண்டுமே நடக்கலாம் என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. ஆனால் அந்த நேரத்தில் அது தோன்றவில்லை.

போட்டியன்று குப்பத்தில் நடந்ததை எல்லாம் என் மாமன் மகன் பிறகு வரி விடாமல் சொன்னான். அவனுக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு, குப்பத்து இளைஞர் மன்றத்தில் பெரிய ஆள். காலை ஏலம் முடிந்து பெண்கள் எல்லோரும் ஏற்றி வைத்த படகின் நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். இவன் ஐஸ் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் போனைச் சாய்த்து வைத்திருக்கிறான். படம் நின்று நின்று வருகிறது. நான் முதல் இரண்டு ஆட்டத்திலும் ஜெயித்தபோது பெண்கள் கைதட்டியிருக்கிறார்கள். அம்மா மட்டும் கைதட்டாமல், அந்தப் பக்கத்துப் பெண் யார் பெற்ற பிள்ளையோ, அடி கிடி பட்டதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறாள்.

மூன்றாவது ஆட்டம் கால் இறுதி. எதிரே வந்தவள் குள்ளமாக, கழுத்தே இல்லாமல் இருந்தாள். நான் திரும்பி அவளைத் தோளில் ஏற்றப் போன அந்த நொடியில் என் காலை வாரிவிட்டாள். முதுகு முழுவதும் தரையில் அறைந்து விழுந்தேன். ஜூடோவில் அப்படி விழுந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். இப்பான் என்று நடுவர் கையை உயர்த்துவார். மேலே எரிந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இவ்வளவு சுத்தமாக என்னை விழவைத்தாளே என்று எரிச்சலாக இருந்தது.

கடற்கரையில் அம்மா, "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டிருக்கிறாள்.

"இந்த ஆட்டம் முடிஞ்சிச்சி அத்த" என்றிருக்கிறான் மாமன் மகன்.

அம்மா எழுந்து புடவையிலிருந்த மணலைத் தட்டிவிட்டு, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி ஏலக் குரலில் சொன்னாளாம். "எம் பொண்ணு தோத்துட்டா. அடுத்த மாசத்துலேந்து எம் பக்கத்துல நிப்பா. எல்லாரும் கேட்டுக்குங்க." முனை வீட்டு அத்தையைப் பார்த்து இன்னொரு தடவையும் சொன்னாளாம். சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள்.

இவன் பின்னாலேயே ஓடியிருக்கிறான். "அத்த, இன்னும் முடியல அத்த! ரீபேச் கீது!"

கால் இறுதியில் தோற்றவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு தருவார்கள். அதில் ஜெயித்தால் வெண்கலத்துக்கான ஆட்டம். அந்தச் சுற்றுக்கு ஒரு பிரெஞ்சுப் பேர் உண்டு. அதை ஒழுங்காக உச்சரித்த ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. எங்கள் பயிற்சிக்கூடத்தில் எல்லோரும் ரீபேச் என்போம். அம்மா அதையும் தன் காதால்தான் கேட்டாள். திரும்பி நின்று, "ரீ பேச்சா? மறுபேச்சு எல்லாம் நம்ப கிட்ட ஆவாது நைனா. படிஞ்சது படிஞ்சதுதான்" என்று சொல்லிவிட்டுப் போய் உலை வைத்துவிட்டாள்.

நான் அங்கே மூஞ்சியைக் கழுவிக்கொண்டிருந்தேன். எங்களுடன் வந்த பயிற்சியாளர் அதிகம் பேசாத பெண்மணி. என் பெல்ட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டச் சொன்னார். கட்டினேன். "இன்னும் ரெண்டு ஆட்டம் இருக்கு. அழறதா இருந்தா அதுக்கப்புறம் அழலாம்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. பசிதான் வந்தது. அரை வாழைப்பழம் சாப்பிட்டேன். ரீபேச்சில் வந்தவளை ஒரு நிமிடத்துக்குள் தூக்கிப் போட்டுவிட்டேன். பாவம், அவள் மேல் எனக்கு ஒரு பகையும் கிடையாது. காலை வாரிவிட்டவளுக்குச் சேர வேண்டிய கோபம் எல்லாம் இவள் மேல் இறங்கிவிட்டது.

வெண்கல ஆட்டம் அவ்வளவு சுலபமாக இல்லை. உயரமான பெண், நீளமான கைகள். என் காலரைப் பிடித்துக்கொண்டு என்னைக் கிட்டேயே வரவிடவில்லை. நடுவில் ஒரு தடவை என்னைப் பக்கவாட்டில் சாய்த்து அரைப்புள்ளி எடுத்துவிட்டாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அவள் ஒரு வீச்சு முயன்று தவறி முட்டி போட்டாள். நான் அப்படியே மேலே விழுந்து, கழுத்தையும் கையையும் சேர்த்து அணைத்துப் பிடித்து மல்லாத்திவிட்டேன். இருபது வினாடி எழவிடாமல் பிடித்தால் முழுப்புள்ளி. அவள் பாலம் மாதிரி வளைந்தாள், உதைத்தாள், என் காதுக்குப் பக்கத்தில் அவள் மொழியில் ஏதோ கத்தினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இவளை இனி யார் வந்தாலும் என்னிடமிருந்து எடுக்க முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு நிச்சயமாக நான் எதையும் உணர்ந்ததில்லை. மணி அடித்தபிறகும் நடுவர் என் தோளைத் தட்டித்தான் என்னை எழுப்பினார்.

பதக்க மேடையில் மூன்றாம் படியில் என் பக்கத்தில் வந்து நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? அந்தக் கழுத்தில்லாதவள். அரை இறுதியில் அவளை வேறொருத்தி கவிழ்த்துவிட்டாள், பிறகு அவளும் இன்னொரு வெண்கலத்தை ஜெயித்து வந்துவிட்டாள். வெள்ளிக்காரி இறுதியில் தோற்ற துக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு வெண்கலமும் கடைசி ஆட்டத்தில் ஜெயித்தவர்கள், அதனால் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தோம். அவள் தன் மொழியில் என்னிடம் ஏதோ சொன்னாள். "அடுத்த தபா பாத்துக்கலாம் வா" என்று நான் தமிழில் சொன்னேன். நன்றாகப் புரிந்த மாதிரி தலையை ஆட்டினாள்.

இரவு உணவுக்கு முன்னால் வீட்டுக்குப் போன் போட்டேன்.

"மெடல் வாங்கிட்டேம்மா. வெண்கலம்."

"சொன்னான். சாப்டியா?"

"இனிமேதான். மெடல்மா!"

"தோத்தத நான் பாத்தேன். ஊட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். எனக்கு அந்தப் போனைக் கடித்துத் துப்பலாம் போல இருந்தது.

ஊர் திரும்பி விமான நிலையத்திலிருந்து ஆட்டோவில் வந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து குப்பத்துக்குத் திரும்புகிற முனையில் ஒரு பெரிய பேனர். மேலே வரிசையாக மன்றத்து ஆட்கள், எல்லோரும் கறுப்புக் கண்ணாடியோடு. கீழே மூலையில் நான். என் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் படம், எண்ணெய் வழிய இரட்டைச் சடையோடு. நடுவில் மஞ்சள் எழுத்தில்: "சர்வதேச ஜூடோ போட்டியில் ஆறுதல் பரிசு வென்று குப்பத்துக்குப் பெருமை சேர்த்த வீரமங்கையே, வருக வருக!"

ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன்.

ஆறுதல் பரிசு என்றால் நம் ஊரில் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஸ்பூனிலிருந்து எலுமிச்சம்பழத்தைக் கீழே போட்ட பிள்ளைகளுக்குக் கடைசியில் கூப்பிட்டு ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா கொடுப்பார்கள். என்னிடமே அப்படி ஒரு டப்பா இருந்தது. அதுவும் இதுவும் ஒன்றா?

மாமன் மகன் மாலையோடு ஓடிவந்தான். மாலையைப் போடும் முன் என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டான்.

"யார் எழுதினது இது?"

"நாங்கதாங்க்கா. இன்னா, நல்லா இல்லியா?"

"ஆறுதல் பரிசாடா எனக்குக் குடுத்தாங்க?"

"அய்யோ, நாங்களா ஒண்ணும் போடலக்கா. ரீபேச்னா இன்னான்னு போன்ல தட்டிப் பாத்தோம், கன்சோலேஷன்னு வந்துச்சு. கன்சோலேஷன்னா இன்னான்னு தட்டினோம், ஆறுதல்னு வந்துச்சு. மெடலு பரிசுதான? சேத்துப் போட்டோம். அத்தகூட பாத்துட்டு, சரியாத்தான் எழுதிகீறீங்கன்னு சொன்னாங்க."

அம்மாவும் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டாள் என்றதும்தான் எனக்கு நிஜமாகவே கோபம் ஏறியது.

"ஏணி கொண்டா. படகுக்கு நம்பர் எழுதுற பெயின்ட் கொண்டா" என்றேன்.

கொண்டுவந்தார்கள். நான் விமானத்தில் வந்த உடையோடு ஏணியில் ஏறினேன். ஆறுதல் பரிசு என்ற இரண்டு வார்த்தையையும் நீலப் பெயின்டால் பூசி அழித்துவிட்டு அதன் மேல் வெள்ளையில் வெண்கலம் என்று எழுதினேன். தெருவே கூடிவிட்டது. சாலையில் போன பஸ்காரர் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எழுதி முடித்துப் பார்த்தால் பக்கத்தில் இடம் மிச்சமிருந்தது.

"காலியா கீதுக்கா, அசிங்கமா தெரியிது. எதனா போடு" என்றான் மாமன் மகன் கீழேயிருந்து.

முன்னால் இருந்த இடத்தில் "நிஜமாகவே" என்று சேர்த்தேன். நிஜமாகவே வெண்கலம் வென்று என்று அது பல நாள் அங்கே தொங்கியது. என் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும், அதற்காக நான் வெட்கப்படவில்லை.

வீட்டில் அம்மா நெத்திலிக் குழம்பு வைத்து, வஞ்சிரம் வறுத்து, ஒரு குண்டான் சோறு வடித்து வைத்திருந்தாள். என்னைக் கட்டிப் பிடித்தாள், தோளையும் முதுகையும் தடவி அடிபட்டதா என்று பார்த்தாள், தட்டை வைத்தாள். நான் சாப்பிடும்போது பதக்கத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள்.

"கனமாத்தான் கீது."

மேடையில் எடுத்த படத்தைப் போனில் காட்டினேன். மூன்றாம் படியில் என் பக்கத்தில் நின்றவள்மேல் விரலை வைத்தாள்.

"உன்ன கவுத்தவதான இவ?"

"ஆமா."

"இவளும் மூணாவதா? அப்போ இவள யாரோ கவுத்தாளா?"

"அரை இறுதியில."

"நல்லா வேணும்" என்றாள் அம்மா. அதைச் சொன்ன வேகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன். அவள் பதக்கத்தைக் கீழே வைத்தாள்.

"சரி. ஒத்த வார்த்தையில சொல்லு. நீ தோத்தியா, இல்லியா?"

மழுப்பியிருக்கலாம். அம்மாவிடம் மழுப்ப எனக்குத் தெரியாது. "தோத்தேன்" என்றேன்.

"அவ்ளோதான். தோத்தா வந்து நிக்கணும்னு பேச்சு."

"மெடல் வாங்கினா ஆடலாம்னும் பேச்சு. வாங்கினேனா, இல்லியா? அதையும் ஒத்த வார்த்தையில நீ சொல்லு."

அம்மா முந்தானையால் பதக்கத்தைத் துடைத்தாள்.

"ரெண்டும் உன் வாயிலேந்து வந்ததுதான்மா. இதுல எத வெச்சுக்கறது, எத விட்டுடறது?"

"குப்பம் பூரா சொல்லிட்டேண்டி" என்றாள். குரல் இறங்கிவிட்டிருந்தது. "முனை ஊட்டுக்காரி எதிருல சொல்லிட்டேன். இன்னிக்கு வரைக்கும் நான் சொன்னத மாத்தினதா ஒருத்தராவது சொல்லட்டும்."

"என்னக் கேக்காம நீயா போயி சொன்னா அதுக்கு நான் இன்னா பண்றது? ஆட்டம் முடியறதுக்குள்ள எழுந்து போனது நீதான்!" கத்திவிட்டேன். சோற்றுக் கையோடு எழுந்தேன். எனக்குச் சரி என்று பட்டதைத்தான் சொன்னேன். அவள் பதக்கத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"தோத்தத பாத்தேன்" என்றாள் கடைசியில். "மத்தத காட்டு."

வெண்கல ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தேன். போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தாள். முதலில் வாய் நிற்கவில்லை. "இன்னாடி ஒட்டடக்குச்சி மாதிரி கீறா இவ." "உன் தலமுடிய யாரு இப்டி கட்டிவுட்டது?" நான் சாய்ந்து அரைப்புள்ளி போனபோது உச்சுக் கொட்டினாள். பிறகு நான் அந்தப் பெண்ணைத் தரையில் பிடித்த இடம் வந்தது.

"இன்னா, அவ மேல படுத்துகினு கீற?"

"எழுந்திரிக்க வுடக்கூடாதும்மா."

"அவ ஒதைக்கிறா."

"ஒதைக்கட்டும்."

அம்மா போனை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். மணி அடித்தது, நடுவர் என் தோளைத் தட்டினார், படம் நின்றது. "திருப்பிப் போடு" என்றாள். போட்டேன். மறுபடியும் போடச் சொன்னாள். மூன்றாவது தடவை, நான் கண்ணை மூடிக்கொண்டு பிடித்திருக்கும் இடத்தில் அவளே விரலை வைத்துப் படத்தை நிறுத்தினாள். என் முகம் திரை முழுவதும் இருந்தது.

"இந்தப் பொண்ண எனக்குத் தெரியலடி" என்றாள்.

"நான்தாம்மா."

"நீதான். எனக்குத் தெரியலன்னு சொல்றேன்." கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே பேசினாள். "ஏலம் எவ வேணா வுடுவா. அதுக்கா உன்ன கூப்ட்டேன்? நான் ஆசப்பட்டது நீ எம் பக்கத்துல நிக்கறதுக்கு. விடியகாலையில கூட நீ கீற மாதிரி நெனச்சிக்கினு இருப்பேன்."

ஏலத்து இடம் கை மாறிவிடக்கூடாது என்பதுதான் அவள் கவலை என்று இத்தனை நாளும் நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினாள். முடிவு என்ன என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை படகு வரும் நேரத்துக்கு நானும் கடற்கரைக்குப் போனேன். சரி என்று சொன்னவள் நான். அவள் நில் என்றால் அங்கே நிற்பது, பிறகு சண்டை போடுவது என்று முடிவு செய்திருந்தேன். முதல் படகு வந்திருந்தது, சங்கராவும் கானாங்கத்தையுமாகக் கூடைகள் மணலில் இறங்கிக்கொண்டிருந்தன. நான் அம்மாவின் பக்கத்தில் போய் நின்றேன். அவள் என்னைப் பார்க்காமலே, "பின்னால போ" என்றாள். கூட்டத்தின் பின்னால் போய் நின்றேன்.

முனை வீட்டு அத்தை என்னைப் பார்த்துவிட்டாள். "இன்னா, பொண்ணு வேலைக்கு வந்துருச்சா? ஆறுதல் பரிசு வாங்கினவதான?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா கையைத் தூக்கினாள். ஏலம் ஆரம்பிக்கப் போகிறது என்று எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். படகுக்காரர்கள்கூட வலையைக் கீழே விட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

"எல்லாரும் கேளுங்க. எம் பொண்ணு எம் பக்கத்துல நிப்பான்னு அன்னிக்கு சொன்னேன். தப்பா சொல்லிட்டேன். அவ நிக்க மாட்டா. அவ ஆடப் போறா."

யாரோ மெல்லச் சிரித்தார்கள். முனை வீட்டு அத்தை இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "இன்னாது? ஏலக்காரம்மா சொல்லு மாறாதுன்னு எல்லாரும் சொல்லிக்கினு கீறாங்க?"

"மாறாதுதான். இன்னிக்கி மாறிச்சி" என்றாள் அம்மா. "உம் மருமவள நாளைக்கு அனுப்பு. நேரத்துக்கு வரச் சொல்லு."

படகுக்காரர் ஒருவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். இப்போது பலரும் சிரித்தார்கள், மறைக்கவும் இல்லை. அந்தக் கடற்கரையில் அம்மாவைப் பார்த்து யாரும் சிரித்து நான் கேட்டதில்லை. முன்னால் பாய்ந்து போய் யாருடைய சட்டையையாவது பிடிக்கலாம் என்று என் கை பரபரத்தது. அம்மா யாரையும் முறைக்கவில்லை. அந்தச் சிரிப்பு அடங்கும்வரை நேராக நின்றுகொண்டிருந்தாள். பிறகு குனிந்து முதல் கூடையைத் தானே இழுத்து நடுவில் வைத்து, விலையைக் கூவினாள். முதல் வார்த்தையில் குரல் உடைந்தது. இரண்டாவது வார்த்தையில் சரியாகிவிட்டது. மூன்றாவது ஆள் விலை கேட்டபோது போட்டி சூடுபிடித்து, எல்லோரும் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் திருவான்மியூரை நோக்கி நடந்தேன், அன்று பயிற்சிக்குக் கொஞ்சம் சீக்கிரமாகவே போய்ச் சேர்ந்துவிட்டேன்.